லோகுவுக்குத் தமிழ் தெரியும்

உட்காருங்க தம்பி, உட்காருங்க. பேயைப் பாத்த மாதிரி பாக்காதீங்க. சீனத்திதான். தமிழும் பேசுவேன். நீங்க போன்ல "அம்மா, பசியாறிட்டேன், நீ மாத்திரை போட்டியா"ன்னு கேட்டீங்க பாருங்க, உள்ள கிளாஸ் கழுவிக்கிட்டிருந்தவ ஒண்ணைக் கீழ போட்டு உடைச்சிட்டேன். முதலாளியம்மா இப்பத்தான் கத்திட்டுப் போறா. கத்தட்டும். மனுச வாயிலேருந்து தமிழ் கேட்டு எத்தனை காலமாச்சுன்னு அவளுக்கு என்ன தெரியும்?

ஈப்போவா? நெனச்சேன். நான் சுங்கை சிப்புட் பக்கம். ரப்பர் தோட்டம். எங்கப்பா தோட்டத்துல மளிகைக் கடை வெச்சிருந்தாரு. அம்மா என்னைப் பெத்ததும் செத்துப்போச்சு. பக்கத்து லயத்து வீட்டுல ராக்காயின்னு ஒரு அத்தை, ரப்பர் மரத்துல பால் வெட்டுற அத்தை, அதுதான் எனக்குப் பால் குடுத்து வளத்துச்சு. அதனால எனக்கு முதல்ல வந்த பாஷை தமிழ். சீனம் அப்புறம். அப்பா ஏதாவது சீனத்துல கேட்டா நான் தமிழ்ல பதில் சொல்லுவேனாம். மனுசன் தலையில அடிச்சுக்குவாராம்.

உங்க பஸ் கெளம்ப நேரம் இருக்கு. உங்க டூர் கூட்டம் மிளகும் காப்பித்தூளும் வாங்கிட்டு இப்போதைக்கு வராது. எனக்கு ஒரு நியாயம் சொல்லிட்டுப் போங்க. இந்த ஊர்ல யாருகிட்டயும் நான் இதைக் கேக்க முடியாது. கேட்டா நாளைக்குக் காலைல சந்தையில வித்துருவாங்க.

அந்தா, வாசல்ல ஸ்கூட்டரைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு நிக்கிறா பாருங்க. பேரு ஹுய். என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கா. நிக்கட்டும். அவ அப்பன் ஆஸ்பத்திரியில கெடக்கான். பக்கவாதம். ஒரு பக்கம் மொத்தமா போச்சு, சீன பாஷையும் போச்சு. கண்ணு முழிச்சதுலேருந்து என்னமோ பேசுறானாம், யாருக்கும் புரியல. தண்ணி குடுத்தா தள்ளி விடுறானாம். போர்வை போத்துனா அழுவுறானாம். டாக்டர் சொல்லிட்டாரு, மூளை கலங்கிடுச்சு, அர்த்தம் இல்லாத சத்தம்னு. இந்தப் பொண்ணு மட்டும், "பெரியம்மா, நீங்க உங்க கோழிங்களைத் திட்டுவீங்களே, அதே மாதிரி கேக்குது. ஒரு தடவை வந்து கேளுங்க, அப்பா ரொம்ப நாள் தாங்க மாட்டாரு"ன்னு வந்து நிக்கிறா.

ஆமா, நான் கோழிகிட்டத்தான் தமிழ் பேசுறேன். வேற யாரு இருக்கா?

போக மாட்டேன்னு சொல்லிட்டேன். ஏன் மாட்டேன்னு கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, யாருமேல தப்புன்னு.

அந்த ஆளு பேரு லொக். தோட்டத்துல எல்லாரும் லோகு லோகுன்னு கூப்பிடுவாங்க. அவங்கப்பா தச்சர். ஸ்டோர்ல பெட்டி அடிக்கிறவரு. நாங்க ரெண்டு பேரும் ஒரே மண்ணுல பொரண்டு, ஒரே தமிழ்ப் பள்ளிக்கூடத்துல ஒரே பலகையில உக்காந்து படிச்சோம். என்னை செவத்தான்னு கூப்பிடுவான். ராக்காயி அத்தை வெச்ச பேரு அது. பிறகு காட்டுல கம்யூனிஸ்டு, ரோட்டுல பட்டாளம்னு ஆச்சு. எங்கப்பா காட்டு ஆளுங்களுக்கு அரிசி குடுத்தாருன்னு வெள்ளக்காரன் பிடிச்சான். லோகுவோட அப்பாவையும் பிடிச்சான். நாடு கடத்திட்டான். எனக்குப் பத்து வயசு. கப்பல்ல ஏத்தி, "இதான் உங்க ஊரு"ன்னு இங்க கொண்டாந்து விட்டாங்க. எங்க ஊராம்! எனக்கு இந்த ஊர் பாஷையில ஒரு வாய் சோறு கேக்கத் தெரியாது.

இந்த ஹைனான் தீவுல எங்கள மாதிரி வந்த ஆளுங்களுக்குன்னு ஒரு பண்ணை போட்டாங்க. வெளிநாட்டுலேருந்து திரும்புன சீனர் பண்ணை. என்ன வேலை தெரியுமா? ரப்பர் மரம் வெட்டுறது! சிரிக்காதீங்க தம்பி. அத்தனை கடல் தாண்டி வந்து அதே மரம், பால் பிடிக்கிற அதே மங்கு, அதே கொசு. தொரை மட்டும் இல்ல. தொரைக்குப் பதிலா கட்சிச் செயலாளர் இருந்தாரு.

பண்ணையில ஒருத்தன் ஹக்கா பேசுவான், ஒருத்தன் ஹொக்கியன், ஒருத்தன் தியோச்சு. ஊர்க்காரன் பேசுறது வேற. எல்லாம் சீனம்தான், ஆனா ஒருத்தன் பேச்சு ஒருத்தனுக்குப் புரியாது. அதனால நானும் லோகுவும் தமிழ் பேசிக்கிட்டா, ஹக்காக்காரன் இது தியோச்சு போலன்னு விட்டுருவான், தியோச்சுக்காரன் இது ஹக்கா போலன்னு விட்டுருவான். வருசக்கணக்கா ஒரு ஆளுக்கும் சந்தேகம் வரல. நாங்க வளந்தோம். வளந்து, என்ன ஆகும்? ஆச்சு.

கல்யாணம் பண்ண முடியாது. இங்க அப்ப எல்லாம் அப்பன் சம்மதம் ரெண்டாவதுதான், மேல உள்ளவங்க சம்மதிக்கணும். லோகுவோட அப்பா தச்சர், அதனால அவன் பாட்டாளி வர்க்கம். எங்கப்பா கடை வெச்சவரு, அதனால நான் முதலாளி வர்க்கம். என்ன முதலாளி? கருவாடும் மண்ணெண்ணெயும் வித்த முதலாளி! லோகு போயி செயலாளர்கிட்ட கேட்டான். அவர் சொல்லிட்டாரு, "உன் பின்னணி சுத்தம், கட்சியில சேரப்போற ஆளு. அந்தப் பொண்ணோட சேந்தா ரெண்டும் போச்சு. அவகிட்ட வேலை விசயம் தவிர ஒரு பேச்சு பேசக் கூடாது"ன்னு.

அப்பத்தான் அவனுக்கு அந்த யோசனை வந்துச்சு. அவன் எங்க வெட்டுக்குழுவுக்குத் தலைவன். மங்கு கழுவுற எடத்துல எல்லாரும் சுத்தி நிக்கிறப்ப, இடுப்புல கையை வெச்சுக்கிட்டு, மூஞ்சியக் கடுகடுன்னு ஆக்கிக்கிட்டு, தமிழ்ல கத்துவான்: "ஏ செவத்தா! நேத்து அந்த நீலச் சட்டையில ராணி மாதிரி இருந்தடி! இன்னிக்கு ஏன் போடல?" சுத்தி நின்னவங்க நெனப்பாங்க, இவ மரத்துல ஆழமா வெட்டிக் காயம் பண்ணிட்டா, தலைவர் கண்டிக்கிறாருன்னு. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, சுயவிமர்சனம் பண்ற மாதிரி முனகுவேன்: "தொவைச்சுப் போட்டிருக்கேன்டா மூதேவி, கொஞ்சம் மெதுவாக் கத்து." பக்கத்துல நின்ன ஒரு ஹக்காக் கெழவி எனக்குப் பரிஞ்சு அவன் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சுவா, "பாவம், விட்ருப்பா, இனிமே ஒழுங்கா வெட்டும்"னு. நான் சிரிப்ப அடக்க உதட்டைக் கடிப்பேன். அதைப் பாத்துட்டு, நான் அழுவுறேன்னு அந்தக் கெழவியும் அழுவா.

அப்படிக் காதலிச்சோம் தம்பி. ஊரே பாக்கக் காதலிச்சோம். கையத் தொட்டது கூட இல்ல. ஆனா இந்தத் தீவுல எந்தப் பொண்ணையும் எந்த ஆம்பளயும் அவ்வளவு சத்தமாக் கொஞ்சியிருக்க மாட்டான்.

காப்பி ஆறுது, குடிங்க.

பிறகு அந்தப் பெரிய புரட்சி வந்துச்சு. கலாச்சாரப் புரட்சி. சுவரெல்லாம் எழுத்து, மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி. வெளிநாட்டுல சொந்தக்காரன் இருந்தா உளவாளி. வெளிநாட்டுச் சீப்பு வெச்சிருந்தா உளவாளி. ஒரு விசாரணைக் குழு பண்ணைக்கு வந்து எறங்குச்சு. அதுக்குத் தலைவன் ஷென்னு ஒருத்தன். கண்ணாடி போட்டவன், பெரும் படிப்பாளி, காது மட்டும் நாய்க் காது. அவன் ஒருநாள் மங்கு கழுவுற எடத்துல நின்னு, லோகு என்னைக் கண்டிக்கிறதக் கேட்டுட்டான். மத்தவங்க மாதிரி விட்டுட்டுப் போகல. ஹக்கா ஆளுங்களக் கூப்பிட்டுக் கேட்டான், இது உங்க பேச்சான்னு. இல்லன்னாங்க. தியோச்சு ஆளுங்களக் கேட்டான். இல்ல. ஹொக்கியன், கேண்டனீஸ், மலாய் தெரிஞ்சவன், எல்லாத்தையும் வரிசையா கேட்டான். யாரும் தன்னுதுன்னு சொல்லல. அப்ப யாரு பாஷை இது? உளவாளி பாஷை!

என்னை ரப்பர் ஷீட்டு காயப்போடுற கொட்டகையில போட்டுப் பூட்டுனாங்க. அந்த நாத்தம் உங்களுக்குத் தெரியாது. என்ன பாஷை, யாரு சொல்லிக் குடுத்தா, என்ன சேதி அனுப்புன? நான் வாயத் தெறக்கல. நான் நெனச்சேன், லோகு வருவான். எல்லாரு முன்னாடியும் நெஞ்ச நிமித்திக்கிட்டு, "இது தமிழ். எங்களை வளத்தவங்க பாஷை. அவங்க கூலிக்காரங்க, பாட்டாளிங்க. இந்தப் பாஷையில நான் இவளக் கட்டிக்கப் போறேன்னு சொன்னேன், அவ்வளவுதான்"னு சொல்லுவான்னு நெனச்சேன். அதை நெனச்சு நெனச்சுத்தான் அந்தக் கொட்டகையில உசுர வெச்சிருந்தேன். சத்தியமா.

கூட்டம் போட்டாங்க. ரப்பர் பால் நிறுக்கிற களத்துல பண்ணை மொத்தமும் கூடி நின்னுச்சு. ரெண்டு பெஞ்சு போட்டு ஒண்ணுல என்னை ஏத்துனாங்க, இன்னொண்ணுல அவனை. எங்கப்பா முன் வரிசையில நின்னாரு. ஷென் அவனக் கேட்டான், "தோழர் லொக், இந்தப் பொம்பள உன்கிட்ட பேசுறது என்ன பாஷை?"

அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"எனக்குத் தெரியாது"ன்னான்.

நான் அவனையே பாக்குறேன். அவன் என்னைப் பாக்கல. "எனக்கு அந்த பாஷை தெரியாது. அது ஒரு பாஷையே இல்ல. இவளுக்குச் சின்ன வயசுலேருந்தே புத்தி கொஞ்சம் சரியில்ல. ஆயி இல்லாம வளந்தவ. வாய்க்கு வந்ததை ஒளறுவா. வேலை வாங்கணுமேன்னு நானும் பதிலுக்கு அதே மாதிரி ஒளறி வெப்பேன், அப்பத்தான் அடங்குவா"ன்னான். அப்படியே தண்ணி பட்ட பாடா சொல்றான். முன்னாடியே யோசிச்சு வெச்சவன் மாதிரி.

கூட்டத்துல ஒருத்தன் சிரிச்சான். பிறகு ரெண்டு பேரு. பிறகு களமே சிரிக்குது. அந்த ஹக்காக் கெழவி, எனக்காக அவன் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதவ, "ஆமா ஆமா, அந்தப் பொண்ணு கோழிகிட்டக்கூட அப்படித்தான் பேசும், நான் பாத்திருக்கேன்"ங்கிறா. ஷென்னுக்கும் வாய் கோணுது, சிரிப்பு வருது அவனுக்கே. பேப்பரை மடிச்சுட்டான். "இவளைப் பண்ணை மருத்துவமனைக்கு அனுப்புங்க, ரெண்டு நாள் ஓய்வு குடுங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிடப் போறான்.

எனக்குப் பைத்தியமாம் தம்பி! ராணி மாதிரி இருக்கடின்னு சொன்னது ஒளறலாம்! ராக்காயி அத்தை மடியில படுத்துக் கத்துக்கிட்ட பேச்சு பாஷையே இல்லையாம்! வருசக்கணக்கா எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். வீடு இல்ல, ஊரு இல்ல, ஆயி இல்ல. அவன் பேசுன பேச்சு ஒண்ணுதான் இருந்துச்சு. அதை ஊரு முன்னாடி குப்பையில போட்டுட்டான். உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. இப்பவும் எரியுது, கைய வெச்சுப் பாருங்க.

சும்மா விடுவேனா? ரப்பர் காட்டுல வளந்தவன் எதுக்குக் குதிப்பான்னு எனக்குத் தெரியாதா? தமிழ்ல கத்துனேன்: "லோகு! காலுக்கடியில பாம்பு!"

குதிச்சான் பாருங்க! பெஞ்சுலேருந்து எகிறி அந்தாண்ட விழுந்தான். விழுந்த எடத்துலேருந்து காலை உதறிக்கிட்டு, பெஞ்சுக்கு அடியில பாக்குறான். சிரிச்சவங்க எல்லாம் அவனையே பாக்குறாங்க. நான் ஷென்னப் பாத்துச் சொன்னேன், சீனத்துல, தெளிவா: "பாம்புன்னு சொன்னேன். புரியாதவனா குதிச்சான்? எனக்குப் பைத்தியமும் இல்ல, அவனுக்குத் தெரியாததும் இல்ல."

எப்படி? நிரூபிச்சிட்டேன்ல? அவ்வளவு பெரிய படிப்பாளி ஷென், அவனே கை தட்டுனான். அவன் தட்டவும் எல்லாரும் தட்டுனாங்க. மக்கள் முன்னாடி உண்மையை வெளிப்படுத்துனவள்னு என்னை அன்னிக்கே விட்டுட்டாங்க. வீட்டுக்குப் போயிக் கால் நீட்டி உக்காந்தேன். அப்பா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. அப்புறம் சாகுற வரைக்கும் என்கிட்ட சரியாவே பேசல. அவருக்கு எப்பவும் வயித்துக் கோளாறு, அதனால எரிச்சல்.

லோகுவையா? கூட்டிட்டுப் போனாங்க. வடக்க எங்கயோ உப்பளம். மக்கள்கிட்ட பொய் சொன்னான், உளவு பாஷையை மறைச்சான்னு. அது அவன் பொய் சொன்னதுக்கு வந்த தண்டனை. நானா பொய் சொல்லச் சொன்னேன்? லாரியில ஏத்துறப்ப நான் போயி நின்னேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்ல. மன்னிப்புக் கேப்பான்னு நின்னேன் தம்பி. திரும்பவே இல்ல.

நாட்டோட பெரிய தலைவர் செத்து, காலம் மாறின பிறகுதான் விட்டாங்க. பல்லெல்லாம் போயி, காலு விந்திக்கிட்டு வந்தான். உப்புத் தண்ணியில நின்னு நின்னு கால்ல ஆறாத புண்ணு. நான் அதுவரைக்கும் கல்யாணம் பண்ணிக்கல. ஏன் பண்ணிக்கலன்னா... யாரு கட்டுவா? காட்டிக் குடுத்தவள்னு ஒரு பேரு கட்டி விட்டுட்டாங்க. என்னையா? நான் காட்டிக் குடுத்தேனாம்! காட்டிக் குடுத்தது அவன். என்னை, பாஷையை, எல்லாத்தையும்.

நானே போனேன். கௌரவம் பாக்கல. அவன் பண்ணைக் கிடங்கு வாசல்ல உக்காந்து கத்தி தீட்டிக்கிட்டிருந்தான். தமிழ்ல கேட்டேன், "லோகு, ஏன்டா அப்படிச் சொன்ன?"ன்னு. தலை நிமிந்து பாத்தான். மரியாதையா எந்திரிச்சு நின்னு, சீனத்துல, "என்ன வேணும், தோழர்? எனக்குப் புரியல"ன்னான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, பழையபடி கத்துனேன், "காலுக்கடியில பாம்புடா!"ன்னு. அசையல தம்பி. கால் விரல்கூட அசையல. கண்ணு இமை தட்டல. எத்தனை அடி வாங்கிப் பழகுனானோ என்னமோ, அப்படி ஒரு நெஞ்சழுத்தம். நடிப்பு. கூட உப்பளத்துல இருந்த ஒருத்தன் பிறகு சொன்னான், இவன் தூக்கத்துல அந்த பாஷை பேசுனா கட்டையால அடிப்பாங்களாம், அதனால வாயில துணியக் கட்டிக்கிட்டுத்தான் படுப்பானாம். இருக்கட்டும். நான் என்ன கட்டையோடவா போயி நின்னேன்? நான் செவத்தாதானே போயி நின்னேன்?

பிறகு ஒரு விதவையக் கட்டிக்கிட்டான். இந்த ஊர்க்காரி. நல்லவதான், சொல்லக் கூடாது. ஒவ்வொரு புது வருசத்துக்கும் எனக்குப் பலாப்பழம் குடுத்து விடுவா. நான் கோழிக்குப் போட்டுருவேன். இந்தப் பொண்ணு ஹுய் பொறந்துச்சு. ஒரே தெரு. தெனமும் என் வேலிய ஒட்டித்தான் அவன் விந்தி விந்தி நடந்து போவான். நான் கோழிகிட்ட தமிழ்ல பேசுவேன், வேணும்னே சத்தமா. "பாத்தியாடி, ஒருத்தன் போறான், அவனுக்குக் காது இல்ல"ன்னு. வேலிகிட்ட வந்தா அவன் நடை கொஞ்சம் மெதுவாகும். காலு வலி. திரும்பிப் பாக்க மாட்டான். ஒரு வார்த்தை? ம்ஹூம். ஆயுசு பூரா ஒரு வார்த்தை இல்ல.

இப்ப பேசுறானாம்! டாக்டர்கிட்டயும் நர்ஸ்கிட்டயும் சுவத்துக்கிட்டயும் பேசுறானாம்! நான் கேட்டப்ப இல்லாத தமிழ் இப்ப எங்கேருந்து வந்துச்சு?

என்ன தம்பி, நீங்களும் "போங்கம்மா"ங்கிறீங்க. ஏன் கண்ணைத் தொடைக்கிறீங்க? மிளகுத்தூளா? இந்த ஊர்க் காத்துல எப்பவும் அது இருக்கும். என்னது? அவன் என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னானா? போங்க தம்பி, சின்னப் புள்ள நீங்க. காப்பாத்துறவன் பைத்தியம்னா சொல்லுவான்? அந்த ஷென் என்னை விட்டதே நான் நிரூபிச்சதாலதான். நீங்க அங்க இல்ல. எல்லாரும் சிரிச்சது உங்களுக்குக் கேக்கல.

ஹுய் மறுபடி கை காட்டுறா. ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்திருக்கு போல. மூச்சு வாங்குதாம். அழுவுறா. பெத்த புள்ளைக்குத் தெரியல, அப்பன் என்ன கேக்குறான்னு. அது பாவம்தான்.

சரி, போறேன். போகத்தான் போறேன். உங்ககிட்ட சொல்லச் சொல்லத் தெளிவாயிடுச்சு. போயி அவன் கட்டில்கிட்ட நிப்பேன். பொண்டாட்டி, மக, டாக்டர், நர்ஸ், எல்லாரும் சுத்தி நிப்பாங்க, அன்னிக்குக் களத்துல நின்ன மாதிரி. அவன் பேசட்டும். ஒண்ணு விடாம கேப்பேன். குனிஞ்சு, காதை வாய்கிட்ட வெச்சுக் கேப்பேன். தண்ணி கிண்ணி கேட்டான்னா ஜாடை காட்டிக் குடுக்கச் சொல்லிடுவேன், நான் ஒண்ணும் கல்லு இல்ல. மத்தது என்ன சொன்னாலும் சரி, யாரு பேரைச் சொன்னாலும் சரி, அவன் பொண்டாட்டி என்னைக் கேப்பா, "என்ன சொல்றாரு?"ன்னு. நான் அவன் கண்ணையே பாத்துக்கிட்டுச் சொல்லுவேன், சீனத்துல, எல்லாருக்கும் கேக்க: "எனக்குத் தெரியாதும்மா. இது எந்த பாஷையும் இல்ல. உடம்பு முடியாதவரு, ஏதோ ஒளறுறாரு."

அப்ப அவனுக்குத் தெரியும், எப்படி இருக்கும்னு.

கொஞ்சம் இருங்க, ஈரக் கையத் தொடைச்சுக்கிறேன். தலை கலைஞ்சிருக்கா? பின்னாடி? சரி. ஏ ஹுய், வண்டிய எடு, வரேன்.

நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க? கூட வரீங்களா? வேணாம், வேணாம். நல்ல மனசுதான், ஆனா நீங்க வரக் கூடாது தம்பி. உங்களுக்குப் புரிஞ்சிடும்.